பின்பக்கம் இரண்டு கோடு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே சளி, இருமல் இல்லாமல் இருக்கிறேன். நீயும் அம்மாவும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவின் இடுப்பு எப்படி இருக்கிறது? எழுந்து நடக்கிறாளா, இல்லை, கட்டிலில் இருந்தபடியே உன்னை நடக்க வைக்கிறாளா?

போன் செய்யவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. இந்தக் கட்டடத்தில் போன் ஒன்றுதான், அதுவும் கீழே கேலரியில், தராசின் மேசை மேல். கேலரி முதலாளிக்கு நான் வைத்த பெயர் அது. எந்தப் படத்தையும் தலையை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை சாய்த்துத்தான் பார்ப்பார். நான் போனில் பேசினால் அவர் காது என் பக்கம்தான் இருக்கும். கடிதம் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

ஒப்பந்தத்தில் என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்டிருந்தாய். ஐந்து வருடம், வருடத்துக்குப் பன்னிரண்டு படம், எல்லாமே மஞ்சள் நாற்காலிப் படம். முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் அதே பெண், பாதி திறந்த அதே ஜன்னல். வேறு எதையும் வரையக் கூடாது, வரைந்தால் அதுவும் அவருடையது. முதல் படத்தை வரைந்தபோது மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபத்து நாலாவதைக் கொட்டாவி விட்டுக்கொண்டே வரைந்தேன். மூன்றாவது வருடம் இப்போதுதான் பிறந்திருக்கிறது.

போன மாதம் அந்தப் பெண்ணின் தலையைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தேன். தராசு வந்தார், சாய்ந்தார். "முகம் தெரிஞ்சா வீட்டுக்குள்ள யாரோ வந்து உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்குன்னு வாங்கறவங்க சொல்றாங்க. முதுகே போதும், தம்பி" என்றார். மறுபடி முதுகைத் திருப்பி வைத்தேன்.

மாடி அறை, வடக்கு வெளிச்சம், வர்ணம் எல்லாம் அவர் தருகிறார். கையெழுத்துப் போட்ட அன்று நான் இந்த ஜன்னலைத்தான் பார்த்தேன், தாளைப் பார்க்கவில்லை. அம்மாவிடம் நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொல்.

உன்
சுண்டு


ஜனவரி 20

சுண்டுவுக்கு,

இரண்டு பேரும் பிழைத்துக் கிடக்கிறோம். அம்மா கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடக்கிறாள். அங்கே போய்த் தெருவில் போகிறவர்களைத் திட்டிவிட்டுத் திரும்பி வருகிறாள். நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்று சொன்னேன், சரியாகத் தூங்குகிறானா என்று கேட்டாள்.

நீ அனுப்பிய அட்டையில் அச்சிட்டிருந்த படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு வருஷமா இவ யாருக்காகக் காத்துட்டு இருக்கா? வர்றவன் வரமாட்டான். எழுந்து வேலையைப் பார்க்கச் சொல்லு" என்றாள்.

மில்லில் என் பாடு தெரிந்ததுதானே. துணிக்கு டிசைன் போடும் அறையில் இந்த வாரம் முழுக்க ஒரே பூ, அதில் ஒரே இதழ். சிவப்புத் துணிக்கு ஒருமுறை, பச்சைத் துணிக்கு ஒருமுறை. அதனால் உன் கொட்டாவி எனக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு விஷயம். கடைத்தெரு மருந்துக் கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். நம் அப்பா கடையில் எழுதியது. திருப்பிப் பார்த்தேன், வலது கீழ் மூலையில் உன் வட்டம் அப்படியே இருக்கிறது. நினைவிருக்கிறதா? பலகை வெளியே போகும் முன் அவரவர் குறியைப் பின்னால் போட்டாக வேண்டும். அப்பாவுக்கு முக்கோணம், உனக்கு வட்டம், எனக்கு இரண்டு கோடு. எழுத்து உரிந்தது, கோணல் என்று புகார் வந்தால் யாரைக் கூப்பிட்டுத் திட்டுவது என்று அப்பாவுக்குத் தெரிய வேண்டுமே. எனக்கு இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. மில் தாள்களின் பின்னாலும் கை தானாக இரண்டு கோடு போட்டுவிடுகிறது. நீ போடுகிறாயா?

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இருவருக்கும் சுகம் வேண்டும். எனக்குத்தான் கொஞ்சம் சுகமில்லை. வலது மணிக்கட்டில் வலி. பயப்படாதே, பெரிதாக ஒன்றுமில்லை, பிரஷ்ஷைப் பிடித்தால்தான் தெரிகிறது.

வட்டம் போடுகிறேன் அக்கா. போடாமல் ஒன்றைக்கூட இந்த அறையை விட்டு அனுப்பியதில்லை.

இரண்டு கான்வாஸ் பார்சலில் வருகிறது. பென்சிலில் கோடு இழுத்திருக்கிறேன். பின்னணியை மட்டும் நீ பூசித் தர முடியுமா? சுவர், தரை, ஜன்னலுக்கு வெளியே இருக்கும் சாம்பல் நிறம், அவ்வளவுதான். பெண்ணையும் நாற்காலியையும் நான் பார்த்துக்கொள்கிறேன். இது நமக்குள் இருக்கட்டும்.

சுண்டு


மார்ச் 15

சுண்டுவுக்கு,

அம்மா நலம். உன் மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறாள். டாக்டரிடம் காட்டினாயா?

திட்டாதே. ஒன்றில் நீ சொன்னபடி பின்னணியோடு நிறுத்தினேன். மற்றதில் நிறுத்த முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். சுவர் முடிந்தது, தரை முடிந்தது. நாற்காலியின் காலை மட்டும் வைப்போம் என்று வைத்தேன். பிறகு பார்த்தால் அவள் உட்கார்ந்துவிட்டாள். ஒரு தோள் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஒரு காலில் செருப்பைக் கழற்றிவிட்டிருக்கிறாள், நான் டிசைன் அறையில் மத்தியானத்துக்கு மேல் உட்காருவது அப்படித்தான். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து அடிப்பிடித்த பிறகுதான் எனக்கு உணர்வு வந்தது.

அப்பா கடையை மூடிய பிறகு நான் வரைந்த முதல் படம் இது, பதினாறு வருடம் ஆகிறது. ரொம்ப சந்தோஷமாக இருந்தேன் என்பதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். உனக்குப் பிடிக்கவில்லை என்றால் மேலே வெள்ளை பூசிவிடு, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

நலம்தானே? நானும்.

வெள்ளை பூசாமல் தராசிடம் கொடுத்தேன். எடுத்துக்கொண்டார். இன்னும் மூன்று கான்வாஸ் வருகிறது. பென்சில் கோடு கிடையாது, நீயே முழுதாகச் செய்துவிடு. செருப்பும் இருக்கட்டும்.

சுண்டு


மே 11

சுண்டுவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மா இப்போது படிக்கட்டு வரை போகிறாள்.

மூன்றும் முடிந்து பார்சல் கிளம்பிவிட்டது. வேலைக்குப் போகும் முன் காலையில் ஒரு மணி நேரம் கிடைக்கிறது, அது போதும். மூன்றும் ஒன்றுபோல இருக்காது. இரண்டாவதில் அவள் ஜன்னலை மூடலாமா என்று யோசிக்கிறாள். அது உனக்குத் தெரிகிறதா என்று பார்.

"எடுத்துக்கொண்டார்" என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டாயே, மனுஷர் என்ன சொன்னார்? எந்தப் பக்கம் சாய்ந்தார்? அதைக் கேட்க எனக்கு ஆசை இருக்காதா? மணிக்கட்டைப் பற்றியும் ஒரு வரி இல்லை. டாக்டர் என்ன சொன்னார்?

பதில் சீக்கிரம் போடு.

அக்கா


ஜூன் 30

அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான். மூன்றும் போய்விட்டது. நன்றாக இருப்பதாகத்தான் சொன்னார். இங்கே வெயில் அதிகம், மாடித் தகரம் கொதிக்கிறது. நாலு கான்வாஸ் வருகிறது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

சுண்டு


ஜூலை 14

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் தாயாரும் நலமுடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முன்பின் அறிமுகம் இல்லாமல் எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். தங்கள் தம்பியின் ஓவியங்களை விற்கும் கேலரி என்னுடையது. பார்சலின் மேலிருந்த முகவரியைப் பார்த்து எழுதுகிறேன்.

வரும் ஓவியங்களை எண் எழுதுவதற்காக நான் திருப்பிப் பார்ப்பது வழக்கம். சிலவற்றில் வட்டமும் சிலவற்றில் இரண்டு கோடும் இருந்தன. அவை என்னவென்று தம்பியைக் கேட்டேன். இரண்டு கோடு போட்டவை ஊரில் அக்கா துணியை இழுத்துச் சட்டம் அடித்து அனுப்பியவை, வட்டம் தானே அடித்தவை என்றார். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. வட்டம் போட்ட கான்வாஸில் அவருக்குக் கை ஓடவில்லை. இரண்டு கோடு போட்டதில் படம் மூச்சு விடுகிறது. இந்த வருடம் வட்டம் போட்ட நான்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கலைஞர்களுக்கு இப்படி ஒரு ராசி உண்டு, நான் பலரைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இனி எல்லாச் சட்டங்களையும் தாங்களே அடித்து அனுப்ப வேண்டுகிறேன். ஆணி, துணி எல்லாம் இங்கிருந்து வந்துவிடும்.

தங்கள் அன்பை எதிர்பார்க்கும்
கேலரி உரிமையாளர்


ஜூலை 20

சுண்டு,

அம்மா நன்றாக இருக்கிறாள். நான் நன்றாக இல்லை.

உன் முதலாளி எனக்கு எழுதியிருக்கிறார். நான் ஆணி அடிக்கும் அழகைப் பாராட்டி இருக்கிறார். பார்த்துவிட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன். ஏன் என்று அம்மா கேட்டாள், கண்ணில் தூசி என்றேன். நீ பொய் சொன்னால் நானும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வரைந்தது நான் என்று நீ அவரிடம் சொல்லாதது போகட்டும், அது உன் ஒப்பந்தம், உன் பயம், புரிகிறது. அவர் அந்தப் படங்களைப் பற்றிச் சொன்னதை என்னிடம் சொல்வதற்கு உனக்கு என்ன குறைந்துவிடும்? இரண்டு மாதமாகக் கேட்கிறேன். மூச்சு விடுகிறது என்று ஒருவர் சொன்னதை நான் அவர் கடிதத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதுவரை சொன்னதில்லை. உன் படத்தில் இருப்பது நம் கடை நாற்காலி. மிச்சமான மஞ்சள் பெயிண்டை அப்பா அதற்கு அடித்தார். அதில் முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுத்துக்கு வர்ணம் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். நீ கதவருகே நின்று பார்த்தாய். என் முதுகை வைத்துத்தான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாய். அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இப்போது சட்டம் அடிக்கிறவள் ஆகிவிட்டேன்.

அவரிடம் உண்மையைச் சொல். நான் வரைந்தது என்று சொல்.

அக்கா


செப்டம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே கூசுகிறது. ஏழு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு மணிக்கட்டு வலி இல்லை. டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார். சுவர் வரை கை போகிறது. மஞ்சளைத் தட்டில் பிதுக்கியதும் வயிற்றைப் புரட்டுகிறது. எழுந்து போய் ஜன்னலருகே நின்றுவிடுகிறேன்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். உன் முதல் படத்தை மேசை மேல் சாய்த்து வைத்தேன். தராசு உள்ளே வந்தார். தலையை இந்தப் பக்கமும் சாய்க்கவில்லை, அந்தப் பக்கமும் சாய்க்கவில்லை. நேராக நின்றார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. அந்தக் கழற்றிய செருப்பைக் காட்டி, "இப்பதான் தம்பி நீ உன்னைக் கண்டுபிடிச்சிருக்கே" என்றார். நான் நன்றி சொன்னேன் அக்கா. தலையைக் குனிந்து நன்றி சொன்னேன். அதை உனக்கு எப்படி எழுதுவேன்?

பொறாமைதான், வேறு பேர் இல்லை. உன் கோட்டை அழித்திருக்கலாம். பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டேன், கடைப் பழக்கத்தில் அடுத்தவர் குறியை அழிக்கவும் கை வரவில்லை. அவர் கேட்டதும் வாயில் வந்த பொய் சட்டம்.

உண்மையைச் சொன்னால் ஒப்பந்தம் முறியும், அறை போகும், அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆனால் அவர் உன்னிடமும் இதே தாளை நீட்டுவார். பெயர் பழகிவிட்டது, அதனால் பெயர் தம்பியுடையதாகவே இருக்கட்டும் என்பார். நீ கையெழுத்துப் போடுவாய். எனக்கு உன்னைத் தெரியும்.

நீ சொன்னால் நாளையே கீழே போய்ச் சொல்லிவிடுகிறேன்.

சுண்டு


அக்டோபர் 19

சுண்டுவுக்கு,

நலமாகத்தான் இருக்கிறோம், கூசாமல் கேள். அம்மா நேற்று தெருமுனை வரை போய் வந்தாள்.

உன் கடிதம் வந்த அன்று உன் ஊருக்கு டிக்கெட் எடுக்கப் போனேன். நானே நேரில் சொல்லிவிடுவது என்று. வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் விலகி வழிவிட்டேன். நீ எழுதியது சரி. அவர் தாளை நீட்டினால் நான் போட்டுவிடுவேன்.

பிறகு ஒன்று செய்தேன். இங்கே நூலகக் கூடத்தில் ஒரு கண்காட்சி வைக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் படம் கொடுக்கலாம். என் பெயரில் ஒன்று கொடுப்போம் என்று வரைந்தேன். நாற்காலி இல்லை, ஜன்னல் இல்லை, பெண்ணே இல்லை. டிசைன் அறைச் சுவரில் நாங்கள் கழற்றி மாட்டும் வேலை அங்கிகள், ஏழு கொக்கி, ஆறு அங்கி, அவ்வளவுதான். முன்பக்கம் கீழே என் பெயரை எழுதினேன், எழுத்துக் கோணலாகிவிட்டது. பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவளுக்குத் தன் பெயர் கோணல்.

படங்களைத் தேர்வு செய்கிற பெண்மணி நல்லவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். "உங்க தம்பியோட பாதிப்பு நல்லாவே தெரியுது. தப்பில்ல, ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றார். எனக்கு நாற்பத்தெட்டு வயது. அவர் சமீபத்தில் பார்த்த உன் படத்தைச் சொல்லி, அந்தச் செருப்பை விவரித்தார். எடுத்துக்கொள்கிறேன், ஆனால் இன்னும் கொஞ்சம் உங்கள் சொந்தமாக இருந்தால் நல்லது என்றார். நான் படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். என் கை எப்படி வரையுமோ அதெல்லாம் உன் பெயரில் போய்விட்டது. இனி நான் எதை வரைந்தாலும் அது உன்னைப் பார்த்து வரைந்ததுதான். உன் மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பு இல்லை, நானும்தானே பார்சல் கட்டி அனுப்பினேன்.

இனி படம் அனுப்ப மாட்டேன். நான் வீட்டில் வரைந்து வீட்டிலேயே வைத்துக்கொள்வேன், உன்னுடையதைப் போல இல்லாத ஒன்று வரும் வரை. அது வருமா என்று தெரியவில்லை.

உன்னை அப்படியே விடவும் முடியவில்லை. பார்சலில் நாலு சட்டம் வருகிறது. துணியை நன்றாக இழுத்து ஆணி அடித்திருக்கிறேன். ஒன்றும் வரையவில்லை, வெறும் கான்வாஸ். பின்பக்கம் என் இரண்டு கோடு இருக்கிறது. நீ சொன்ன பொய் இனி பொய் இல்லை. மஞ்சளை நீதான் பிதுக்க வேண்டும். கீழே போய் எதுவும் சொல்ல வேண்டாம்.

வயிறு சரியாக மிளகும் காரமும் குறைத்துச் சாப்பிடு என்று அம்மா சொல்கிறாள்.

அக்கா


டிசம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா தெருமுனையைத் தாண்டிவிட்டாளா? நீ காலையில் அந்த ஒரு மணி நேரத்தை விடாமல் வைத்திருக்கிறாயா? எனக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது, இப்போது பரவாயில்லை.

நீ அனுப்பியதில் முதலாவதை முடித்தேன். நானே முடித்தேன். நடுவில் இரண்டு முறை எழுந்து போய் வாந்தி எடுத்தேன். மோசமான படம் அக்கா. பெண் தூணைப் போல உட்கார்ந்திருக்கிறாள். செருப்பைக் கழற்றவில்லை, எனக்கு அந்தக் கால் வரவில்லை. திருப்பித்தான் அனுப்புவார் என்று தைரியமாக மேசை மேல் வைத்தேன்.

தராசு வந்தார். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. முதலில் திருப்பினார். இரண்டு கோட்டையும் விரலால் தடவிப் பார்த்தார். எண்ணை எழுதினார். அதற்குப் பிறகு படத்தை நிமிர்த்தி வைத்து, "அக்கா அடிச்ச சட்டம்னா அக்கா அடிச்ச சட்டம்தான். பாரு, எப்படி மூச்சு விடுது" என்றார்.

இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். உன் மற்றப் படங்களை அவர் பார்த்தாரா, கோட்டைத்தான் பார்த்தாரா என்று எனக்கு இப்போது தெரியவில்லை. முதல் படத்தை மட்டும் அவர் திருப்பும் முன்பே நின்று பார்த்தார். குறி இருக்கிறது என்றே அப்போது அவருக்குத் தெரியாது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன், அதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம்.

உன் அங்கிப் படத்தை ஒரு அட்டையில் சின்னதாகப் போட்டு அனுப்பு. ஏழாவது கொக்கி ஏன் காலி என்று கேட்க வேண்டும். யாரிடமும் காட்ட மாட்டேன்.

எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, இன்னும் இருபத்தாறு படம். சட்டம் தீர்ந்தால் எழுதுகிறேன். என் வட்டத்தைப் போட இனி இங்கே இடமில்லை. அதனால் இந்தக் கடிதத்தைத் திருப்பிப் பார். வலது கீழ் மூலையில் போட்டிருக்கிறேன். புகார் இருந்தால் என்னைக் கூப்பிடு.

சுண்டு